ஓ.எஸ். என்று எழுதியிருந்த கண்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு எண் ஆகியவை மேலே கட்டத்தில் எழுதப்பட்டிருப்பது சரி. வயது எழுபத்திரண்டு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் இரண்டில் சேர்த்து நாற்பத்தோரு வருடம் தையல் மிஷின் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஆங்கில எழுத்துகளை மிஷினோடு பெட்டிக்குள் வரும் புத்தகங்களின் படங்களை வைத்து நானாகவே கற்றுக்கொண்டேன். தொழிற்சாலையில் என்னைக் கேட்லாக் என்று கூப்பிடுவார்கள். கேலியாக ஆரம்பித்தது, பிறகு மேனேஜரும் அப்படியே கூப்பிட்டார். வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும் இருக்கிறோம். ஒரே மகள் திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறாள்.

கண் மருத்துவமனை கொடுத்த புகாரில் என் மேல் மூன்று குற்றம் சொல்லியிருப்பதாக இந்தக் காவல் நிலைய அதிகாரி படித்துக் காட்டினார். நோயாளியின் கோப்பில் அனுமதியில்லாமல் எழுதியது ஒன்று, கோப்பின் பக்கத்தைக் கிழித்தது ஒன்று, பதிவு அறை எழுத்தருக்கு முழங்கையில் காயம் ஏற்படுத்தியது ஒன்று. முதலாவது உண்மை. இரண்டாவது பாதி உண்மை, மறுபாதியை இழுத்தது அந்த எழுத்தர். மூன்றாவதைப் பற்றி அதன் இடத்தில் சொல்கிறேன். நேற்று, செவ்வாய்க்கிழமை, நடந்ததை மட்டும் சொன்னால் போதும் என்று அதிகாரி சொன்னார். ஏழு மாதத்துக்கு முன்னாலிருந்து எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொன்னேன். அதன் பிறகு அதிகாரி புதிய தாள் எடுத்தார்.

ஏழு மாதத்துக்கு முன்பு என் மனைவிக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அந்த மருத்துவமனையின் பழைய கட்டடத்துக்கு அழைத்துப் போனேன். அவளுக்கு வலியோ மங்கலோ எதுவும் இல்லை, படிக்கும் கண்ணாடியின் ஒரு காது உடைந்துவிட்டது, அவ்வளவுதான். அங்கே அவளை ஒரு கருவியின் முன் தாடையை வைத்து உட்காரச் சொல்லி நீல விளக்குப் போட்டுப் பார்த்தார்கள், அதன் பிறகு இருட்டறைக்குள் தனியாக அழைத்துப் போய் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். நான் வெளியே இருந்தேன். பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டு, ஒரு கண்ணில் அழுத்தம் அதிகமாக இருக்கிறது, இதில் வலி தெரியாது, கவனிக்காமல் விட்டால் ஓரத்திலிருந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்பாது, ஆனால் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டதால் சொட்டு மருந்தே போதும், தினமும் படுக்கப் போகுமுன் ஒரு சொட்டு விட வேண்டும் என்று சொன்னார். எந்தக் கண் என்று என் காதில் விழும்படி அவர் சொல்லவில்லை. சீட்டில் எழுதியிருக்கிறது என்றார்.

அந்தச் சீட்டில் மேலே என்னவோ எண்கள் போட்டு, அதன் கீழே ஒன்று என்ற இலக்கமும், அதன் பிறகு ஜி.டி.டி. என்றும், ஓ.எஸ். என்றும், க்யூ.ஹெச்.எஸ். என்றும் எழுதியிருந்தது. முழு வார்த்தை ஒன்றுகூட இல்லை. மருந்து கொடுக்கும் இடத்தில் பெட்டியின் மேல் ஒட்டிய துண்டுச் சீட்டிலும் அதே எழுத்துகளையே பார்த்து எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றுக்கு அடுத்து வருவது சொட்டு என்றும், கடைசியில் வருவது படுக்கும் நேரம் என்றும் டாக்டர் வாயால் சொன்னதை வைத்து நானே பிரித்துவிட்டேன். அது இரண்டும் சரிதான் என்று பிற்பாடு தெரிந்தது. மிஞ்சியது ஓ.எஸ்.

காத்திருக்கும் கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. அதில் மூக்கு இல்லாமல், முகம் இல்லாமல் இரண்டு கண்கள் மட்டும் வரைந்திருந்தன. படத்தின் இடப்பக்கம் இருந்த கண்ணுக்குக் கீழே ஓ.டி. என்றும், வலப்பக்கம் இருந்த கண்ணுக்குக் கீழே ஓ.எஸ். என்றும், நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஓ.யூ. என்றும் போட்டிருந்தது. நான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்துக்கு முன்னால் நின்று இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன். மிஷின் புத்தகத்தில் ஒரு படம் இருந்தால், அதில் இடப்பக்கம் இருக்கும் திருகு மிஷினுக்கு முன்னால் நிற்பவனின் இடக்கைப் பக்கம் இருக்கும், வலப்பக்கம் இருப்பது வலக்கைப் பக்கம் இருக்கும். நாற்பத்தோரு வருடம் அப்படித்தான் கழற்றினேன், அப்படித்தான் பூட்டினேன், ஒரு தடவையும் தப்பவில்லை. எனக்கும் கண்ணாடிச் சீட்டில் இதே எழுத்துகள் பல தடவை வந்திருக்கின்றன. எனக்கு இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் என்பதால் எது எந்தக் கண் என்று பார்க்க வேண்டிய தேவை வந்ததில்லை. ஆகவே ஓ.எஸ். என்றால் வலக்கண் என்று முடிவு செய்தேன்.

அன்றிலிருந்து என் மனைவியின் வலக்கண்ணில் சொட்டு மருந்து விட்டு வந்தேன். விட்டது நான். இதை அதிகாரி கோடிட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், அப்படி வழக்கமில்லை என்றார். என் மனைவிக்கு இரண்டு கைகளின் விரல் மூட்டுகளும் வீங்கி மடங்கியிருக்கின்றன. அந்தப் பாட்டிலை அவளால் அமுக்க முடியாது, மூடியைக்கூடத் திறக்க முடியாது. தலையணையில்லாமல் அவளைப் படுக்கவைத்து, நான் தலைமாட்டில் நின்று, கீழ் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு விடுவேன். சொட்டு விழுவதற்கு முன்பே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். பத்து வரை எண்ணச் சொன்னால் ஏழு வரைதான் எண்ணுவாள். தொழிற்சாலையில் மிஷினுக்கு ஓர் அட்டை தொங்கும், எண்ணெய் விட்ட நாளெல்லாம் அதில் ஒரு கோடு போட வேண்டும். அதைப் போலவே ஓர் அட்டை தயாரித்து அலமாரிக் கதவின் உட்புறம் மாட்டி, ஒவ்வொரு நாளும் சொட்டு விட்டபின் ஒரு கோடு போட்டேன். இருநூற்றுப் பதினான்கு கோடுகள் இருக்கின்றன. விட்டுப்போன நாள் ஒன்றும் இல்லை. அட்டையை இத்துடன் ஒப்படைத்திருக்கிறேன்.

முதல் வாரத்தில் அந்தக் கண் கொஞ்சம் சிவந்தது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன். இரண்டு மாதம் ஆனபோது ஒரு நாள் என் மனைவி படுத்தபடியே, அன்றைக்கு டாக்டர் இடது கண்ணைத்தான் வெகுநேரம் பார்த்தார், நீங்கள் வலதில் விடுகிறீர்களே என்று கேட்டாள். நான் சீட்டை எடுத்து வந்து அவள் முகத்துக்கு நேரே காட்டி, ஒரு தாளில் இரண்டு கண்ணை வரைந்து, எது ஓ.எஸ். என்று விளக்கினேன்.

"உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணைத் திறந்து கொடுத்தாள். நான் வலக்கண்ணில் சொட்டு விட்டேன். அதன் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்து வரச் சொல்லித் தேதி கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் பேசி, புதுக் கட்டடத்துக்கு மாறுகிறோம், வேறு தேதி தருகிறோம் என்றார்கள். அந்த வேறு தேதியும் தள்ளிப்போனது. மூன்றாம் தடவை நானே நேரில் போய்க் கேட்டேன். பூட்டிய கதவில் புதிய விலாசம் ஒட்டியிருந்தது, புதிய விலாசத்தில் இன்னும் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மருந்துச் சீட்டைக் காட்டினால் மருந்து மட்டும் கொடுங்கள் என்று கடைகளுக்குச் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது, கேட்டபோதெல்லாம் கொடுத்தார்கள். இப்படி ஏழு மாதம் ஓடிவிட்டது. புகார் கொடுத்தவர்கள் இந்த இரண்டு தேதியையும் தங்கள் தாளில் எழுதவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

அந்த ஏழு மாதத்தில் நடந்தவை: என் மனைவி சமையலறைக்குள் நுழையும்போது இடது தோளை நிலையில் இடித்துக்கொண்டாள். இடக்கைப் பக்கம் வைத்த தேநீர்க் குவளையை மூன்று தடவை தட்டிவிட்டாள். நான் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பேசினால் கழுத்தை முழுவதும் திருப்பிப் பார்த்தாள். கழுத்துப் பிடிப்பு என்று நினைத்து நான் பத்து நாள் தைலம் தேய்த்துவிட்டேன். வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை. வீடியோவில் பேசும்போது எங்கள் மகள், "என்னம்மா, ஒரு கண்ணுக்கு மட்டும் மை போட்டிருக்கே, இன்னொரு கண்ணு என்ன பாவம் பண்ணுச்சு" என்று கேட்டாள். வலக்கண்ணின் இமைமுடி மட்டும் நீளமாகவும் கறுப்பாகவும் வளர்ந்திருந்தது. அப்பா எனக்கு அலங்காரம் பண்ணுகிறார் என்று என் மனைவி சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன மாதம் புதுக் கட்டடத்தில் டாக்டர் பார்த்தார். பார்த்த உடனேயே என் மனைவியின் இமைமுடியை விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு அழுத்தம் அளந்தார். பிறகு கருவிக்குள் தலையை வைத்து, ஓரத்தில் வரும் வெளிச்சப் புள்ளிகளைப் பார்த்தால் பொத்தானை அழுத்தச் சொல்லும் பரிசோதனை செய்தார்கள். இடக்கண்ணுக்கு அந்தப் பரிசோதனை நடந்தபோது பொத்தான் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை. அதன் பிறகு டாக்டர் எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்து, இந்த மருந்து விட்ட கண்ணில்தான் இமைமுடி இப்படி வளரும், சொட்டு வலக்கண்ணில் விடப்பட்டிருக்கிறது, நான் எழுதியது இடக்கண்ணுக்கு, யார் விட்டது என்று கேட்டார்.

நான் சட்டைப் பையிலிருந்து சீட்டை வெளியே எடுத்தேன். அதற்குள் என் மனைவி என் முழங்காலின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு, "நானேதான் டாக்டர் விட்டுக்கிட்டேன். இவருக்குத் தெரியாது. மறந்து மறந்து விட்டேன், கண்ணு மாறிப்போச்சு" என்று சொன்னாள். டாக்டர் அதைக் கோப்பில் எழுதினார். நான் மறுக்கவில்லை. ஏன் அப்போதே மறுக்கவில்லை என்று அதிகாரி கேட்டார். அவள் கை என் முழங்கால் மேலேயே இருந்தது.

அதன் பிறகு டாக்டர், இடக்கண்ணில் வெளி ஓரத்துப் பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது, நடுப்பார்வை மிஞ்சியிருக்கிறது, மறந்து மறந்து விடுபவர்களை நம்பி இனிமேலும் சொட்டு மருந்தில் விட முடியாது, அறுவை செய்து அழுத்தத்தை இறக்கிவிடுவதுதான் நல்லது, அதில் சிலருக்கு மிஞ்சியிருக்கும் பார்வையும் போய்விடக்கூடும், அதையும் சொல்ல வேண்டியது என் கடமை என்றார். வருகிற வெள்ளிக்கிழமை காலை அறுவை என்று தேதி எழுதிக் கொடுத்தார்கள்.

என் மனைவியைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு நான் சுவரைப் பார்த்தேன். அதே படத்தைப் புதுக் கட்டடத்திலும் மாட்டியிருந்தார்கள். கண்ணாடிக்குப் பவர் அளக்கும் பெண் அந்த வழியாக வந்தார். ஓ.எஸ். என்றால் இடது என்று டாக்டர் சொல்கிறாரே, படத்தில் வலது பக்கம் போட்டிருக்கிறதே என்று கேட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. என் எதிரில் ஓரடி தள்ளி நின்றார்.

"என்னைப் பாருங்க ஐயா. என்னோட இடது கண்ணு உங்களுக்கு எந்தப் பக்கம் தெரியுது?"

நான் கையை நீட்டிப் பார்த்தேன். என் வலக்கைக்கு நேராகத்தான் இருந்தது. டாக்டர் எப்போதும் எதிரில் உட்கார்ந்து பார்ப்பதால் நோயாளியின் வலது அவருக்கு இடப்பக்கம் வரும், எல்லாக் கண் ஆஸ்பத்திரியிலும் முகத்தை எதிரில் பார்ப்பதுபோலத்தான் வரைவார்கள், எழுதும்போதும் வலக்கண்ணை முதலில் எழுதுவார்கள் என்று அந்தப் பெண் சொன்னார். இது எந்த ஊர் எழுத்து என்று கேட்டேன். லத்தீன் என்றார். அதைப் பேசுகிற ஆள் ஒருவரையாவது எனக்குக் காட்டுங்கள் என்றேன். "இருந்தா அவருக்கும் கண்ணு டெஸ்ட் பண்ணியிருப்போம் ஐயா, யாரும் மிச்சமில்லை" என்றார். நல்ல பெண். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் பேசுவதற்கு ஆளில்லாத பாஷையில், அதுவும் இரண்டெழுத்தில், எழுபது வயதுக்காரியின் எந்தக் கண் என்று எழுதிக் கொடுப்பதும், கீழே வலக்கண், இடக்கண் என்று எழுதாமல் படத்தை மாட்டுவதும் தவறு என்றுதான் அன்றைக்கும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். அந்தப் படத்தில் ஒரு மூக்கு வரைந்திருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன்.

பேருந்தில் வரும்போது, நாளைக்கே டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று என் மனைவியிடம் சொன்னேன். வேண்டாம் என்றாள். நீ ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அந்த ரூம்ல நின்ன சின்னப் பொண்ணுங்க முன்னாடி உங்களை ஒருத்தர் ஒரு வார்த்தை கேக்கறதை நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா" என்றாள். விட்டது நான்தானே என்றேன்.

"கண்ணு என்னோடது. யாரு விட்டாங்கன்னு நான்தான் சொல்லணும்."

நான் அவளுக்கு வலப்பக்கம் மாறி உட்கார்ந்துகொண்டேன்.

ஒன்பது நாள் நான் எங்கும் போகவில்லை. டாக்டர் அன்று எழுதிக் கொடுத்த புதுச் சீட்டின்படி இடக்கண்ணில் சொட்டு விட்டு வந்தேன். பத்தாம் நாள் பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இப்போது எது எந்தக் கண் என்று எனக்குத் தெரியும். பழைய சீட்டில் வலக்கண்ணின் அழுத்தம் பதினேழு, இடக்கண் இருபத்தொன்பது. புதுச் சீட்டில் வலக்கண் பன்னிரண்டு, இடக்கண் முப்பத்து நான்கு. வலக்கண்ணில் ஐந்து இறங்கியிருக்கிறது. அந்த மருந்து அவள் உடம்பில் நன்றாகவே பிடித்திருக்கிறது. இருநூற்றுப் பதினான்கு நாளும் விடாமல் விட்டதால் பிடித்திருக்கிறது. மறந்து மறந்து விட்டால் இப்படி இறங்காது. இவளை நம்பி மருந்தில் விட முடியாது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அறுவை என்று டாக்டர் சொன்னார். அந்தக் காரணம் பொய். விட்டவன் ஒருநாளும் மறக்கவில்லை, அதற்கு அட்டை இருக்கிறது. அதே மருந்தை இடக்கண்ணில் சில வாரம் விட்டுப் பார்த்துவிட்டு அறுவை வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்யலாமே என்று எனக்குத் தோன்றியது. நான் டாக்டர் இல்லை. எனக்குத் தோன்றியது தப்பாகவும் இருக்கலாம். ஆனால் டாக்டர் சரியான தகவலை வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்பா, அம்மாவே ஒத்துக்கிட்டாங்க, நீங்க ஏன் போய்க் கிளறுறீங்க. உங்களுக்குத் தோக்கவே தெரியாதுப்பா" என்றாள். நான் தோற்கத்தான் போகிறேன் என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு இரண்டு சீட்டையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு தனியாகப் புதுக் கட்டடத்துக்குப் போனேன். டாக்டர் அறுவை அறையில் இருக்கிறார், இன்று பார்க்க முடியாது என்றார்கள். பதிவு அறைக்குப் போய், கோப்பில் ஒரு வரி தப்பாக இருக்கிறது, திருத்த வேண்டும் என்று எழுத்தரிடம் சொன்னேன். நோயாளி சொன்னதைத்தான் எழுதியிருக்கிறோம், திருத்த வேண்டுமானால் நோயாளியே வந்து சொல்ல வேண்டும் என்றார். நோயாளி சொன்னது பொய், மருந்து விட்டது நான் என்று சொன்னேன். "பெரியவரே, பெண்டாட்டி தன் தப்புன்னு சொல்றாங்க, நீங்க இல்லை என் தப்புங்கறீங்க. இங்கே தினமும் இதுக்கு நேர்மாறாத்தான் சண்டை நடக்கும்" என்றார். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். வெள்ளிக்கிழமை அறுவை, அதற்குமுன் டாக்டர் இதைப் பார்த்தாக வேண்டும் என்றேன். ஒரு மனு எழுதிப் பெட்டியில் போடுங்கள், பதினைந்து வேலை நாளில் பதில் வரும் என்றார்.

அறுவைக்காக என் மனைவியின் கோப்பை எடுத்து மேசைமேல் திறந்து வைத்திருந்தார்கள். அந்த வரி எனக்குத் தெரிந்தது. நான் என் பேனாவால் அந்த வரியை ஒரே கோடாக அடித்து, மேலே, சொட்டு மருந்து விட்டது கணவன், இவள் அல்ல, ஒருநாளும் தவறவில்லை, வேறு கண்ணில் விட்டான் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அடித்த வரி படிக்கும்படிதான் இருந்தது. நான் தேதி எழுதிக்கொண்டிருக்கும்போது எழுத்தர் கோப்பைப் பிடித்து இழுத்தார். கையெழுத்து முடியவில்லை என்பதால் நான் விடவில்லை. பக்கம் நடுவில் கிழிந்தது. அவர் உட்கார்ந்திருந்தது சக்கரம் வைத்த சுழல் நாற்காலி, ஐந்து சக்கரத்தில் ஒன்று இல்லை, நான் உள்ளே நுழையும்போதே அதைக் கவனித்தேன். கோப்பு கையோடு வந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து அவர் முழங்கை இரும்பு அலமாரியில் பட்டது. நான் அவரைத் தொடவில்லை. அவருக்கு அடிபட்டதற்கு வருத்தப்படுகிறேன். அந்தச் சக்கரத்தை மாட்டித் தரவும் தயார்.

அதன் பிறகு காவலாளி என்னை வாசலருகே ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார், ஒரு மணி நேரம் கழித்து இங்கே அழைத்து வரப்பட்டேன்.

எந்தக் கண் என்று மருத்துவமனையில் ஒருவருமே விளக்கிச் சொல்லவில்லையா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்று முதலில் பதில் சொன்னேன், அதை அவர் எழுதியும்விட்டார். இப்போது அதை மாற்றிச் சொல்கிறேன். முதல் நாள் மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த நர்ஸ் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, இது எந்தக் கண்ணுக்குன்னா" என்று ஆரம்பித்தார். நான் பெட்டியை வாங்கிக்கொண்டு, "எனக்குப் படிக்கத் தெரியும்மா, அடுத்த ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். என் பின்னால் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். என் மனைவியும் பக்கத்தில் நின்றிருந்தாள், அவளுக்கும் இது தெரியும். இதுவரை அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. இதனால் மருத்துவமனையின் மேல் எனக்குள்ள குறைகள் இல்லாமல் போய்விடவில்லை. அவை அப்படியே இருக்கின்றன. இதுவும் இருக்கிறது.

நேற்று மாலை மருத்துவமனையிலிருந்து ஒருவர் வந்து, நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கோப்பில் உள்ள பழைய வரி சரி என்று ஒரு கடிதம் கொடுத்தால் புகாரை விட்டுவிடுகிறோம் என்று சொன்னதாக அதிகாரி தெரிவித்தார். அந்தக் கடிதத்தை நான் கொடுக்க மாட்டேன். பக்கத்தைக் கிழித்ததற்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன்.

என் மனைவி இன்று காலை இங்கே வந்து, மருந்தைத் தானே விட்டுக்கொண்டதாகவும், எனக்கு வயதாகிவிட்டதால் புத்தி தடுமாறிப் பேசுவதாகவும் வாக்குமூலம் கொடுத்திருப்பதாக அதிகாரி சொன்னார். அது பொய். அவள் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்து மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்வதே போதும். அவள் பொய் சொன்னதை அவளுக்கு எதிராக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்று புதன்கிழமை. இதன் நகல் ஒன்று நாளைக்குள் டாக்டரின் கைக்கே போய்ச் சேர வேண்டும், பதிவு அறைப் பெட்டிக்குப் போகக் கூடாது. அதைப் படித்துவிட்டு அவர் அறுவைதான் வேண்டும் என்று சொன்னால் நானே அவளை அழைத்துக்கொண்டு போவேன்.

மேலே உள்ளதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். அவர் முதலில் எழுதிய தாளில், தெரியாமல் வேறு கண்ணில் மருந்து விட்டுவிட்டேன் என்று ஓர் இடத்தில் இருந்தது. தெரியாமல் என்பதை அடிக்கச் சொன்னேன். உங்களுக்கு நல்லதுக்குத்தான் எழுதினேன் என்றார் அதிகாரி. தெரியாதவனாக இருந்திருந்தால் அந்த நர்ஸிடம் கேட்டிருப்பேன். தெரியும் என்றுதான் விட்டேன். அந்தச் சொல் என் முன்னால் அடிக்கப்பட்டது, பக்கத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. மற்றபடி எழுதியிருப்பதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் அதுவே. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை, சொல்ல வேண்டாம் என்று தடுத்தவள் ஒருத்திதான், அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

(ஒப்பம்)

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. ஓர் அடித்தல் உண்டு.
(அதிகாரியின் ஒப்பம்)